ஊறுகாய் தின்னும் பூனை

ஜூன் 2, செவ்வாய்

மாடிக்காரி இன்றைக்கும் நாற்காலியை இழுத்தாள். பால் பாக்கெட் வருவதற்கு முன்னாலேயே, சர்ர்ரென்று, சமையலறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. தூக்கி வைத்தால் கை ஒடிந்துவிடுமா? நானும் ஒட்டடைக் கம்பால் கூரையில் இரண்டு குத்து குத்தினேன். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பேச்சில்லாத எங்களுக்குள் நடக்கிற பேச்சு இதுதான்.

இந்த டைரி மருமகள் வேலை செய்கிற மருந்துக்கடைக்கு இனாமாக வந்தது. பேத்தி கொண்டுவந்து கொடுத்தாள். "சும்மா மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு உட்காராதே பாட்டி, எழுது. யாரோ படிக்கப் போற மாதிரி விவரமா எழுது" என்றாள். நான் மூன்றாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருக்கும். ஞாபகத்தில் இருக்காது.

விவரம்: மாடிக்காரி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. அண்ணனும் தம்பியும் பாசம் பொங்கி ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக வீடு வாங்கினார்கள். அப்புறம் இரண்டு பேரும் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டது நாங்கள்.

ஜூன் 4, வியாழன்

மாடிக்காரி போகிறாளாம்! மகன் வீட்டோடு, ஒரேயடியாக. கட்டடத்தில் எல்லார் வீட்டுக்கும் ஏறி இறங்கிச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் எங்கள் வாசல் முன்னால் நின்றுகொண்டு எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னாள், எனக்குக் கேட்கவேண்டும் என்றே: "தனி ரூமாம், அதுக்குள்ளயே தனி பாத்ரூமாம். 'இனிமே நீ ஏம்மா தனியாக் கிடக்கணும், கிளம்பு'ன்னுட்டான். எல்லாரும்தான் பெக்கறாங்க. இப்படி ஒருத்தன் வாய்க்கணுமே."

நான் உள்ளே பாத்திரத்தை டங்கென்று வைத்தேன். கேட்டிருக்கும்.

ஜூன் 6, சனி

போய்விட்டாள். இரண்டு பெட்டி, டாக்ஸி. பாதிக் கட்டடம் வாசலில் நின்று கையாட்டியது. திரைச்சீலை இடுக்கில் பார்த்தேன். ஏறும்போது ஒரு தடவை தலையைத் தூக்கி எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். நான் நகரவில்லை.

எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கும் முன்னால் ஒரு நாள் அவள் வீட்டுக்காரருடைய ஆபீஸ் பெரிய மனிதர்கள் சாப்பிட வந்தார்கள். பதவி உயர்வு விஷயம். "சின்னவளே, கூட நின்னு பரிமாறு" என்றாள். நின்றேன். அப்போது கட்டடத்திலேயே அவள் வீட்டில் மட்டும்தான் ஃபோன். நான் காய் நறுக்கும்போது அடித்தது. அவள் எடுத்தாள். கேட்டாள். வைத்தாள். வைத்த பிறகு முந்தானையால் அதைத் துடைத்தாள். "யாருக்கா?" என்றேன். "ராங் நம்பர்" என்றாள்.

அன்று முழுக்கச் சிரித்துச் சிரித்துப் பரிமாறினேன். வந்தவர்கள் எல்லாம் கிளம்பி, இருட்டுகிற நேரத்தில் வந்து சொல்கிறாள்: "உங்கம்மா காலையிலயே தவறிட்டாங்களாம்." நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

பீடை ஒழிந்தது. இன்று இரண்டு தடவை டீ குடித்தேன்.

ஜூன் 9, செவ்வாய்

காலையில் விழித்துவிட்டேன். காது நாற்காலிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வரவில்லை. வராது என்று எனக்குத்தான் தெரியுமே.

அப்போது அது வந்தது. வலி இல்லை. மூச்சு முட்டவில்லை. நெஞ்சுக்குள் யாரோ தரையைப் பெயர்த்து எடுத்துவிட்டது போல. கால் வைக்க இடமில்லை. எழுந்திருக்க வேண்டும், சரி, எதுக்கு? பல் தேய்க்க வேண்டும், எதுக்கு? தையல் கம்பெனியில் முப்பது வருஷம் பட்டன் தைத்தேனே, அந்தச் சட்டையெல்லாம் இப்போது எந்தக் குப்பையில்? நான் இருந்தேன் என்பதற்கு என்ன இருக்கிறது?

சந்தோஷமாக இருக்க வேண்டியவள் நான். விரோதி தொலைந்தாள். எனக்கு ஏன் இப்படி வருகிறது?

ஜூன் 12, வெள்ளி

நான் சாப்பிடவில்லை என்று மருமகள் டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக வரவில்லை. நெஞ்சில் வைத்துப் பார்த்தான். இதயம் குதிரை மாதிரி இருக்கிறதாம்.

"பாட்டி, காலையில எழுந்ததும் முதல்ல யாரை நினைப்பீங்க?"

"மாடிக்காரியை."

"ரொம்பப் பிரியமானவங்களா?"

"விரோதி."

பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "சரி, மனசுக்குப் பிடிச்சது ஒண்ணு சொல்லுங்க. இதுக்காக எழுந்திருக்கணும்னு தோணற மாதிரி."

மகன் என்று சொல்லியிருக்கலாம், பேத்தி என்று சொல்லியிருக்கலாம். மகன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், விடிந்தால் எந்தக் கட்டடத்திலாவது குழிக்குள் இறங்கி நிற்பான். பேத்திக்குப் படிப்பு. அவர்கள் என்மேல் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் நான் இல்லாவிட்டாலும் அவர்கள் நாள் ஓடும். மருமகளுக்கு முன்னால் இதைச் சொல்ல முடியுமா? "தெரியலை" என்றேன்.

மாத்திரை கொடுத்தான். வெள்ளை, பாதி பாதியாக.

ஜூன் 14, ஞாயிறு

குளியலறை மூலையில் மேலிருந்து இறங்குகிற தடிக் குழாய் இருக்கிறது. மாடியில் யாராவது தண்ணீர் ஊற்றினால் அதில் சலசலக்கும். எங்களுக்கு மேலே அவள் வீடு மட்டும்தான். அதற்கு மேல் வெறும் மொட்டை மாடி.

இன்று மத்தியானம் சலசலத்தது. கொஞ்சமாக. ஒரு சொம்பு ஊற்றின மாதிரி.

அரைமணி கழித்து மேலே ஃபோன் அடித்தது. அவளுடைய பழைய ஃபோன்தான், கூரை வழியாக நன்றாகக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிடுகிற நேரம். மூன்று தடவை அடித்து நின்றது. மகன் வீட்டில் இருக்கிறவளை மகன் எதற்கு இங்கே கூப்பிடுகிறான்? அடித்த ஃபோனை யார் எடுத்தார்கள்?

வாட்ச்மேனிடம் போனேன். "மெயின் ஸ்விட்சையே அணைச்சுட்டேன் பாட்டிம்மா. பூட்டின வீட்ல யாரு இருக்கா? எலியா இருக்கும்."

"எலி சொம்புல மொண்டு ஊத்துமா?"

"சண்டை போட ஆளில்லாம உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று சிரித்தான். பல்லை உடைக்கலாம் போல இருந்தது.

ஜூன் 16, செவ்வாய்

நடக்கிறாள். செருப்பில்லாத கால். மெல்ல, சுவரோரமாக. இடது கால் லேசாக இழுக்கிறது. முட்டி வலி வந்ததிலிருந்து அவளுக்கு அப்படித்தான். கம்பெனியில் அறுபது மெஷின் ஓடும்போது எது நூலைத் தவறவிடுகிறது என்று கேட்டுச் சொன்ன காது இது. இது அவள் நடை.

அவள் அங்கே இருக்கிறாள். இங்கேயும் நடக்கிறாள். என்ன அர்த்தம்? செத்துவிட்டாளா? செத்தும் என் தலைமேல்தான் நடக்க வேண்டுமா?

மகனிடம் சொன்னேன், உடனே கூப்பிட்டுக் கேள் என்றேன். என் முன்னாலேயே கூப்பிட்டான். "அண்ணே, பெரியம்மா எப்படி இருக்காங்க? ... ஆங். ... தூங்கறாங்களா? சரி சரி, எழுப்ப வேண்டாம்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நல்லா இருக்காங்களாம்மா. சாப்பிட்டுத் தூங்கறாங்களாம்."

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ரிப்பேர் செய்ய முடியாத மோட்டாரைப் பார்க்கிற பார்வை.

ஜூன் 17, புதன்

என் அம்மாவுடைய அக்காவுக்குக் கடைசியில் இப்படித்தான் ஆனது. சுவருக்குள் குழந்தை அழுகிறது என்பாள். பகலெல்லாம் சுவரில் காது வைத்து நிற்பாள், "பால் குடுங்கடி" என்பாள். அப்புறம் அவளை அறையில் போட்டுப் பூட்டினார்கள். கதவுக்குக் கீழே தட்டைத் தள்ளுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கென்று இருப்பது இந்தத் தலை ஒன்றுதான். யார் என்ன சொன்னார்கள், எந்தப் புடவையில் நின்று சொன்னார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. அது போய்விட்டால் நான் யார்?

ஜூன் 18, வியாழன்

கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

இன்றும் மத்தியானம் மேலே ஃபோன் அடித்தது. மூன்று. நின்றது. மருமகளைக் கூப்பிட்டு, "கேட்டியா?" என்றேன். "தானா கட் ஆயிருக்கும் அத்தை. மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

எல்லாரும் வெளியே போன பிறகு என் பட்டன் ஃபோனை எடுத்தேன். அந்த நம்பரை நான் ஒரு தடவைகூடச் சுழற்றியதில்லை. ஆனால் தெரியும். எப்படித் தெரியாமல் போகும், அந்த ஃபோனில் வந்ததுதானே என் அம்மா சாவு.

காதிலும் அடித்தது, கூரையிலும் அடித்தது. கால் இழுபடுகிற சத்தம். எடுத்தாயிற்று. நான் பேசவில்லை. அந்தப் பக்கமும் பேசவில்லை. மூச்சு மட்டும். பிறகு மெல்லிய குரலில், தொண்டை காய்ந்து:

"ராங் நம்பர்."

வைத்துவிட்டாள்.

என் தலை சரியாக இருக்கிறது. அடிப்பாவி, என் தலை சரியாக இருக்கிறது!

ஜூன் 22, திங்கள்

உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், அவளைத் தெரிந்திருந்தால் போதும். மகன் அழைத்துப் போகவில்லை. கடைசி நிமிஷத்தில் ஏதோ சொல்லியிருக்கிறான். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு, கையாட்டிவிட்டுப் போனவள், அதே டாக்ஸியில் எந்த மூஞ்சியோடு திரும்பி வருவாள்? அதுவும் நான் ஜன்னலில் நிற்கும்போது? யாரும் பார்க்காத நேரமாகத் திருடி மாதிரி ஏறி வந்து, விளக்கில்லாமல், காற்றாடி இல்லாமல், உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறாள். யாராவது கேட்டால் என்னோடு இருப்பதாகச் சொல் என்று மகனிடமும் சொல்லி வைத்திருப்பாள். மறைக்கிறதில் அவளை மிஞ்ச ஆளுண்டா?

மாட்டினாள். இத்தனை வருஷம் கழித்து என் கையில் மாட்டினாள். எதிர்வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் கட்டடமே சிரிக்கும்.

இன்று இரண்டு வேளையும் சாப்பிட்டேன். அது காலையில் வரவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன். சொல் நாக்கு நுனியில் இருந்தது. "என்ன வேணும்மா?" என்றாள். "கொஞ்சம் சீனி" என்றேன். வீட்டில் சீனி நிறைய இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை? இரக்கமா? எனக்கா? இல்லை. சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும். கட்டடம் சிரித்தால் அவள் மகன் வந்து எங்காவது கொண்டுபோய் விடுவான். மறுநாள் காலையில் நான் எதைக் கேட்டு விழிப்பேன்?

ஜூன் 24, புதன்

இத்தனை நாளில் ஒரு தடவைகூட மேலேயிருந்து சமையல் வாசனை வரவில்லை. வாசனை கீழே இறங்கும் என்று பயந்து அடுப்பு மூட்டவில்லை. அப்படியானால் எதைத் தின்கிறாள்? பிஸ்கட்டா, பச்சைத் தண்ணீரா?

கதவைத் தட்டினால் திறக்க மாட்டாள். எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் பட்டினியிலேயே சாவாள். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் சாவேன்.

தட்டில் சோறு, முட்டை, ஓரத்தில் ஊறுகாய் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அவள் கதவுக்கு முன்னால் வைத்துவிட்டு, படியில் இறங்கி வருகிற ஆளிடம் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னேன்: "பாவம், ஒரு பூனை சுத்துது. அதுக்குத்தான் வைக்கிறேன்."

படியில் யாரும் இல்லை.

ஜூன் 25, வியாழன்

தட்டு காலி. கழுவித் துடைத்து, கதவோரம் கவிழ்த்து வைத்திருக்கிறது. நான் தட்டைச் சுவரில் சாய்த்து வைப்பவள். கவிழ்த்து வைப்பது அவள் வழக்கம். புதுப்பெண்ணாக வந்த நாளிலேயே இதற்கு எங்களுக்குள் சண்டை.

பூனை கழுவி வைத்திருக்கிறது!

படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து எத்தனை காலம் ஆயிற்று.

ஜூன் 27, சனி

இன்று கவிழ்த்த தட்டை எடுத்தால் கீழே தரையில் ஒரு சிட்டிகை உப்பு. அழகாகக் குவித்து.

உப்பு பத்தவில்லையாம். திமிர் பிடித்தவள். பிச்சைச் சோற்றுக்கு நொட்டை சொல்கிறாள். "உப்புப் போடத் தெரியாத கை" என்று என் மாமியார் காதுபட அவள் சொன்னது எனக்கு மறக்குமா?

மருமகள் கேட்டாள், "பூனைக்கு எதுக்கு அத்தை ஊறுகாய்?"

"அதுக்குப் பிடிக்கும்."

"நான் ஒரு நாள்கூட அந்தப் பூனையைப் பார்க்கலையே?"

"அது உன் கண்ணுக்குப் படாது."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஜூலை 1, புதன்

சமையலறையில் மகனும் மருமகளும் குசுகுசு. என்னைப் பற்றித்தான். எனக்குக் காது கேட்காது என்று நினைப்பு.

"தினமும் பூட்டின கதவுக்கு முன்னாடி சோறு வச்சுட்டு, அதுகூடப் பேசிட்டு வராங்கங்க. எதிர்வீட்ல கேக்கறாங்க. அந்த டாக்டர் ஒரு மனசு டாக்டர் பேர் எழுதிக் குடுத்திருக்கார்."

"அம்மாவுக்கா? எங்கம்மா தலை கணக்குப் போடற மெஷின்டி."

"அது அப்போ."

உள்ளே போய் உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. அவள் மானத்துக்காக நான் பைத்தியமாகிறேன். இதையும் அவள் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

ஜூலை 2, வியாழன்

மதியம் தட்டு வைத்துவிட்டு வரும்போது ஒரு நினைப்பு. என் பெரியம்மாவை அறையில் பூட்டி, கதவுக்குக் கீழே தட்டைத் தள்ளினார்களே. நான் செய்வது என்ன?

அவளைக் காப்பாற்றுகிறேனா, வளர்க்கிறேனா? எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது, பசிக்கிறது, விடிந்ததும் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. அவள் இருட்டில் இருக்கிறாள். கால் இழுபடுவது அதிகமாகியிருக்கிறது. இது சரியில்லை, இது எங்கேயோ போய் முட்டும் என்று தெரிகிறது. தெரிந்தும் நாளைக்கு என்ன சமைப்பது என்று யோசிக்கிறேன்.

ஜூலை 4, சனி

மறுபடி உப்பு. இந்தத் தடவை குவியல் பெரியது.

இரு, வைக்கிறேன். இன்றைக்குச் சோற்றில் ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்து வைத்தேன். தின்னட்டும்.

ஜூலை 5, ஞாயிறு

தட்டு தொடாமல் இருக்கிறது. கோபம். முப்பது வருஷம் கோபித்தவளுக்கு இது ஒரு நாளா? நானும் புதுச்சோறு வைக்கவில்லை.

மத்தியானம் மேலே ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. மகன்மேலும் கோபம் போல.

ஜூலை 6, திங்கள்

இன்றே எழுத வேண்டும்.

காலையில் தட்டில் எறும்பு. கதவில் காது வைத்தேன். சத்தமில்லை. குளியலறைக் குழாயில் காது வைத்தேன். நேற்றும் அது சலசலக்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. கோபித்துக்கொண்டவள் சோறு தின்னாமல் இருப்பாள், தண்ணீருமா ஊற்றாமல் இருப்பாள்? நான் கேட்கவில்லை. தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள், நேற்று வீம்பில் கேட்கவில்லை.

ஃபோன் போட்டேன். மேலே அடித்தது, அடித்தது. "ராங் நம்பர்னாவது சொல்லுடி" என்று கத்தினேன்.

மகன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தோளில் கருவிப் பை. போய் அதைப் பிடித்துக்கொண்டேன். "மாடிக் கதவை உடைடா. உள்ள உங்க பெரியம்மா கிடக்கறா."

"அம்மா, அவங்க ஊர்ல—"

"உடை. உள்ள யாரும் இல்லேன்னா இன்னைக்கே என்னை அந்த மனசு டாக்டர்கிட்ட விட்டுடு. எங்க பூட்டி வச்சாலும் வாயைத் திறக்க மாட்டேன். உடைடா!"

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு படியேறினான். லிஃப்ட் கதவை நெம்புகிற கம்பியால் ஒரே நெம்பு.

நாற்றம், இருட்டு. ஃபோன் மேஜைக்கும் சமையலறைக்கும் நடுவில், தரையில், ஒருக்களித்து. அந்த நாற்காலியின் காலை ஒரு கை பிடித்திருந்தது. இழுக்கப் பார்த்திருக்கிறாள். இழுக்கத் தெம்பில்லை. இழுத்திருந்தால் கேட்டிருப்பேன்.

உயிர் இருந்தது.

அதற்குள் வாசலில் கட்டடமே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரி, "இவங்க ஊருக்குப் போகலையா? இத்தனை நாளும் இங்கயா—" என்று ஆரம்பித்தாள். நான் எழுந்து நின்றேன்.

"நேத்துதான் வந்தா. சாமான் எடுக்க வந்தா. வந்த உடனே எனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னா."

"உங்க ரெண்டு பேருக்கும்தான் பேச்சு கிடையாதே?"

"நேர்ல கிடையாது. ஃபோன்ல உண்டு. போய் வேலையைப் பாரு."

கீழே பார்த்தேன். ஒரு கண் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூலை 9, வியாழன்

ஆஸ்பத்திரி. இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. சனிக்கிழமை மத்தியானமே விழுந்திருக்கிறாள். தட்டை எடுக்க வரும்போது. என் உப்பு அவள் வாய்க்குப் போகவே இல்லை.

சனிக்கிழமையே நான் மறுபடி ஏறிப் போயிருந்தால், என்று எழுத வருகிறது. எழுதிவிட்டேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"பெட்டி ரெண்டையும் பஸ் ஸ்டாண்டுலயே விட்டுட்டேன். தூக்க முடியலை."

"என்ன சொன்னான் உன் மகன்?"

"இப்ப வேண்டாம்மா, ரெண்டு மாசம் போகட்டும்னான். பஸ்ஸுக்குள்ள காலை வைக்கும்போது செல்லுல கூப்பிட்டான். வீட்டுக்கு வந்ததும் அதுவும் சார்ஜ் இல்லாம நின்னுபோச்சு." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீ ஜன்னல்ல நின்னியே. அது இல்லேன்னா அப்பவே திரும்பி வந்திருப்பேன்" என்றாள்.

நான் கேட்டேன். இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கு ஏன் ராங் நம்பர்னே?"

கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்தவங்க சாப்பிட்டதும் சொல்லிடணும்னுதான் இருந்தேன். நீ சிரிச்சுக்கிட்டே வந்தே, கையில கரண்டியோட. வாய் வரலை. அப்புறம் நேரமாயிடுச்சு. இப்ப சொன்னா ஏன் அப்பவே சொல்லலைன்னு கேப்பே. அந்தக் கேள்விக்குப் பயந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். தள்ளத் தள்ள அது பெருசாகிக்கிட்டே போச்சு."

மன்னிப்பு என்று அவள் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. இரண்டு பேரிடமும் அந்தச் சாமான் இல்லை.

பிறகு கேட்டாள், "சின்னவளே, உனக்கும் காலையில வருமா?"

"எது?"

"அது. எதுக்கு இருக்கோம்னு தோணுமே."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்கு அவர் போனதிலேருந்து வரும். வந்தா நாற்காலியை இழுப்பேன். கீழேருந்து நீ குத்துவே. அப்பாடா, ஒருத்தி முழிச்சிருக்கா, என்மேல கோவமா இருக்கான்னு எழுந்து அடுப்பைப் பத்த வைப்பேன்."

"உப்பு நான் சரியாத்தான் போட்டேன்" என்றேன்.

"பத்தலை" என்றாள்.

ஜூலை 12, ஞாயிறு

அவள் மகன் வந்துவிட்டான். முகத்தைத் தூக்கி யாரையும் பார்க்கவில்லை. என்னிடம், "சித்தி, நான் வந்து—" என்றான். "பேசாதே, தலைப்பக்கம் பார்த்துத் தூக்கச் சொல்லு" என்றேன்.

வேனில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். இந்தத் தடவை நிஜமாகவே போகிறாள். தனி ரூம். கதவை மூடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன்.

"உன் தட்டு ஒண்ணு என் சமையல்கட்டுல இருக்கு. கழுவித்தான் வச்சிருக்கேன். வந்து தரேன். நீயா போய் எடுக்காதே."

"வச்சுக்கோ. யாருக்கு வேணும்."

"அக்கான்னு சொல்லேன் ஒரு தடவை."

"போய்ட்டு வா, பார்க்கலாம்" என்றேன்.

ஜூலை 16, வியாழன்

காலையில் அது வந்தது. சட்டமாக வந்து மார்மேல் உட்கார்ந்தது. மாடியில் சத்தமில்லை. இந்தத் தடவை நிஜமாகவே இல்லை. குழாயில் காது வைத்துப் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. அங்கே அவளுக்கும் இதே நேரத்தில் வந்திருக்கும். அவளுக்கு இழுக்க நாற்காலி இல்லை. ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் இரண்டு குத்து குத்தினேன். காரை உதிர்ந்து கண்ணில் விழுந்தது. எழுந்து முகம் கழுவினேன்.

மத்தியானம் தட்டு எடுத்துப் போய் அந்தக் கதவுக்கு முன்னால் வைத்தேன். மருமகள் பார்த்தாள்.

ஜூலை 19, ஞாயிறு

தட்டில் எறும்பு.

ஜூலை 23, வியாழன்

என் ஃபோன் அடித்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். யோசிக்காமல் எடுத்தேன்.

"சித்தி."

அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. அவன் மூச்சை இழுத்தான். அடுத்ததைச் சொல்லப் போகிறான்.

"ராங் நம்பர்" என்றேன். வைத்துவிட்டேன்.

பேத்தி உள்ளேயிருந்து, "யாரு பாட்டி?" என்றாள்.

நான் ஃபோனை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் துடைத்தேன் என்று தெரியவில்லை. சொல்லாத வரைக்கும் அது நடக்கவில்லை. சொல்லாத வரைக்கும் அவள் அங்கே ஒரு கட்டிலில் படுத்து உப்பு பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம். இந்தக் காய் நறுக்கி முடிக்கிற வரைக்கும். இப்படித்தான் இருந்ததா உனக்கும்? இப்படித்தானா?

மறுபடி அடித்தது. எடுத்தேன். "சொல்லுப்பா" என்றேன்.

கேட்டு முடித்ததும் எழுந்து போய், பேத்தியிடம், மருமகளிடம், மகனுக்கு ஃபோன் போட்டு, எதிர்வீட்டில், வாட்ச்மேனிடம், எல்லாரிடமும் உடனே சொன்னேன். ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப் போடவில்லை. "எங்க அக்கா போயிட்டாங்க" என்று சொன்னேன்.

அவளுக்கு அது கேட்கவில்லை. இதுவும் ஞாபகம் இருக்கும்.

ஜூலை 24, வெள்ளி

போய்ப் பார்த்தேன். முகத்தைப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 31, வெள்ளி

காலையில் அது வந்தது. வரட்டும். கூரையில் குத்திவிட்டு எழுந்தேன். அவள் சமையலறையில் இருக்கிற தட்டை நான் எடுக்கவில்லை, எடுக்காதே என்று சொல்லியிருக்கிறாள். வேறு தட்டில் சோறும் முட்டையும் ஊறுகாயும் எடுத்துப் போய் வைத்தேன். உப்பு கொஞ்சம் கூடவே போட்டேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். சோறு இல்லை. முட்டை இல்லை. தட்டைக் கழுவவில்லை, நக்கியிருந்தது.

ஊறுகாய் மட்டும் அப்படியே இருந்தது.